தணிக்கை படிக்கப் போன செங்கோடன்

"மூணுல எதுல சேரட்டுங்க?" என்று கேட்டார் செங்கோடன்.

மேசைமேல் மூன்று பயிற்சி வகுப்புகளின் விளம்பரத் தாள்களைப் பரப்பியிருந்தார். மூன்றிலும் கோட்டுப் போட்ட யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெனாசிர் தாள்களைத் தொடவில்லை.

"எதுக்குப் படிக்கப் போறீங்க?"

"சுற்றுச்சூழல் தணிக்கையாளர் ஆகறதுக்குங்க."

"அது தாள்லயே போட்டிருக்கு. உங்களுக்கு எதுக்கு?"

செங்கோடன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அத்தாயியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

*

செங்கோடனுக்கு ஐம்பது வயது. தலைவாசல் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் இருபத்தாறு வருடமாக வேலை. மரவள்ளிக் கிழங்கு மூட்டை இறக்குகிற ஆளாகச் சேர்ந்து மேற்பார்வையாளர் வரைக்கும் வந்தவர். ஆலைக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவரைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

ஆலைக்குக் கிழக்கே அத்தாயியின் காடு. மஞ்சள் போட்டிருந்தார். ஆவணியில் ஒரு நாள் காலை, கேட்டில் யாரையும் கேட்காமல் நேராக உள்ளே வந்து, செங்கோடன் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தார்.

"என் கெணத்துத் தண்ணி. குடிச்சுப் பாரு."

செங்கோடன் சொம்பை மூக்கருகே கொண்டுபோனார். புளித்த வாடை. கிழங்குப் பால் கழுவிய தண்ணீரின் வாடை. இருபத்தாறு வருடமாக அவர் சட்டையை விட்டுப் போகாத வாடை.

அவரால் குடிக்க முடியவில்லை.

அத்தாயி சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது செங்கோடனுக்கு.

ஆலை முதலாளி அர்த்தனாரி, வெளியேறும் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். எல்லாம் சரியாக இருப்பதாகத் தாள் வந்தது.

"நம்ம தண்ணி சுத்தமாகித்தான் வெளிய போகுது. அந்தம்மா கெணத்துக்கு நாம என்ன பண்ண முடியும்?"

அதே மாதம் மும்பையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆலையின் ஜவ்வரிசியில் பாதிக்கு மேல் வாங்குகிற கம்பெனி. தை மாதம் எங்கள் ஆள் வந்து சுற்றுச்சூழல் தணிக்கை செய்வார். அதற்குள் முறையாகப் படித்த ஒருவர் உங்கள் ஆலையிலேயே இருக்க வேண்டும். உள் தணிக்கை நடந்து அறிக்கை தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கொள்முதல் இல்லை.

கொள்முதல் நின்றால், களத்தில் ஜவ்வரிசி காயவைக்கிற எழுபது பெண்களுக்கு வேலை நிற்கும்.

அர்த்தனாரி செங்கோடனைக் கூப்பிட்டார்.

"ஏதாவது ஒரு கோர்ஸுல சேர்ந்து சர்டிஃபிகேட்டோட வா. கிழங்கு சீசன்ல ஒரே ஒரு தடவைதான் உன்னை அனுப்ப முடியும். அந்தக் கெணத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிக் குடுக்க ஒரு படிச்ச ஆள் வேணும்."

செங்கோடன் தலையாட்டினார்.

ஆனால் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியாது. சம்பந்தம் உண்டு என்றும் தெரியாது. அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

*

பெனாசிருக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த ஆலைக்குத் தரத் தணிக்கைக்கு வந்தவர். அன்று முழுக்க அவர் கேட்டது ஏழெட்டுக் கேள்விகள்தான். ஆனால் யாரும் நிற்காத இடங்களில் போய் நின்றார். கழற்றிப் போட்ட சல்லடைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றது செங்கோடனுக்கு நினைவிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில், சல்லடையில் என்ன குறை என்று செங்கோடனே சொல்லிவிட்டார்.

இப்போது சேலத்தில் சொந்தமாகத் தணிக்கை அலுவலகம் வைத்திருந்தார். அதனால்தான் அவரைத் தேடி வந்திருந்தார் செங்கோடன்.

கதையைக் கேட்டு முடித்த பெனாசிர், மூன்று தாள்களையும் எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார்.

"பின்பக்கம் வெள்ளையா இருக்குண்ணா. மூணு இடத்துக்கும் நேர்ல போயிட்டு வாங்க. இப்போ எதுலயும் சேராதீங்க. அங்கே பார்த்ததை இதுல எழுதிட்டு வாங்க."

"போன்ல கேட்டாப் போதாதுங்களா மேடம்?"

"கிழங்கை போன்ல கேட்டு வாங்குவீங்களா?"

செங்கோடன் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

*

முதல் இடம் கோயம்புத்தூரில் இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே போனதும் குளிர்ந்தது. ஒரு பெண் எழுந்து வணக்கம் சொல்லி, ஏலக்காய் டீ கொடுத்து, வண்ணப் படங்கள் போட்ட புத்தகத்தைக் காட்டினார். சுவர் முழுக்கப் பட்டமளிப்புப் படங்கள்.

செங்கோடனுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. தன் படமும் அந்தச் சுவரில் இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துப் பெனாசிரிடம் வந்தார்.

"எழுதினதைப் படிங்க."

"பெரிய கட்டடம். மூணு நாள் வகுப்பு. மதியம் சாப்பாடு அவங்களே. இதுவரைக்கும் ஆயிரத்து இருநூறு பேர் படிச்சிருக்காங்க. ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்லை."

கடைசி வரியைப் படிக்கும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"நேத்து உங்க ஆலைக்கு எத்தனை லாரி கிழங்கு வந்துச்சு?" என்று கேட்டார் பெனாசிர்.

"பதினெட்டுங்க."

"எத்தனையை இறக்கினீங்க?"

"பதினாறு. ரெண்டு லாரியில மாவுப் பாயிண்ட் கம்மி. மாவே நிக்காது. திருப்பி அனுப்பிட்டேன்."

பெனாசிர் டீ வரவழைத்தார்.

டீ வரும் வரைக்கும் செங்கோடன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, கடைசி வரியின் கீழே ஒரு கோடு போட்டார்.

"ஆயிரத்து இருநூறு லாரியும் இறக்கியிருக்காங்க" என்றார் மெதுவாக.

"டீ ஆறுது."

*

இரண்டாவது இடம் சேலத்திலேயே, அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை. வகுப்பு கம்ப்யூட்டரில் நடக்கும். இரண்டு நாள். வீட்டிலிருந்தே படிக்கலாம். சர்டிஃபிகேட்டில் வெளிநாட்டு முத்திரை இருக்கும்.

போவதற்கு முன்பே அர்த்தனாரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ரெண்டே நாள்தானா? அப்போ அதுலயே சேர்ந்துரு. கெளம்பற வேலையே இல்லை. மும்பைக்காரனுக்கு முத்திரையைக் காட்டினாப் போதும்."

"பார்த்துட்டு வந்துடறேங்க."

"கோர்ஸுல போயி என்ன பாக்கறதுக்கு இருக்கு?"

செங்கோடன் சேலத்துக்குப் பஸ் ஏறினார். அந்த அறையில் முதலாளி கேட்ட கேள்வியோடேயே உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்த இளைஞர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். தெளிவான படங்கள். தெளிவான குரல். ஆலை, குழாய், தொட்டி, அம்புக்குறி. செங்கோடன் பொறுமையாகப் பார்த்தார்.

"இந்தக் குரல் யாருங்க?"

"எங்க சீனியர் டிரெய்னர் சார். பதினோரு கோர்ஸ் எடுக்கறார்."

"அவரோட பேச முடியுங்களா?"

இளைஞர் போன் போட்டுக் கொடுத்தார். அதே தெளிவான குரல் வணக்கம் சொன்னது.

"கடைசியா எந்த ஆலையில தணிக்கை பண்ணீங்க சார்?"

குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"நான் டிரெய்னிங் மட்டும்தான் சார் பண்றேன். தணிக்கைக்குப் போறதில்லை."

"முன்னாடி போயிருக்கீங்களா?"

"அதுக்குத் தேவை வரலை சார்."

செங்கோடன் நன்றி சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தார். இளைஞர் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. சொல்லிக்கொடுத்ததை அவர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்.

பெனாசிரின் அலுவலகத்துக்கு அங்கிருந்து நடந்தே வந்துவிடலாம். வந்தார். தாளைப் படிக்கவில்லை.

"அது வேண்டாங்க மேடம்."

"ஏன்?"

"படத்துல வாடை இல்லைங்க."

பெனாசிர் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

*

புரட்டாசி பிறந்துவிட்டது. அர்த்தனாரி பொறுமை இழந்தார்.

"ரெண்டைப் பார்த்தே. ரெண்டையும் வேண்டாங்கறே. நீ படிக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"இன்னும் ஒரு இடம்தாங்க."

"அதுவும் சரியில்லைன்னா?"

"அப்போ நாலாவதா ஒண்ணு தேடணுங்க."

இருபத்தாறு வருடத்தில் முதலாளியிடம் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை செங்கோடன். சொன்ன பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அர்த்தனாரி முறைத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டு வா" என்றார்.

*

மூன்றாவது இடம் நாமக்கல்லில், சைக்கிள் கடைக்கு மேலே. படிக்கட்டு குறுகல். நாற்காலிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. டீ கொடுக்க ஆளில்லை.

நடத்துகிறவர் பெயர் இன்பராஜ். நாற்பது வயதிருக்கும். காலில் சேறு அப்பிய ஷூ. காலையில் ஒரு சாயப்பட்டறைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

செங்கோடன் அந்த ஷூவைத் தாளில் எழுதிக்கொண்டார்.

"எத்தனை நாள் வகுப்புங்க?"

"அஞ்சு. மூணு நாள் இங்கே. நடுவுல ரெண்டு நாள் ஏதாவது ஒரு ஆலையில. கடைசி நாள் பரீட்சை."

"போன தடவை எத்தனை பேர் படிச்சாங்க?"

"பதினாலு."

"எத்தனை பேர் பாஸ்?"

"ஒம்பது."

"அஞ்சு பேர் ஏன் ஃபெயிலானாங்க?"

இன்பராஜ் அவரை ஒருமுறை பார்த்தார். எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு விடைத்தாளை எடுத்து, பெயர் இருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நீட்டினார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரே கேள்வி எழுதியிருந்தது: எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்?

"ஃபெயிலானவங்க யாராவது உங்க மேல புகார் குடுத்திருக்காங்களா?"

"ரெண்டு பேர். ரெண்டுக்கும் பதில் எழுதியிருக்கேன். பாக்கறீங்களா?"

"பாக்கறேங்க. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரோட பேச முடியுங்களா?"

இன்பராஜ் போனை எடுத்தார். யாரிடமோ, "உங்ககிட்ட ஒருத்தர் பேசணுங்கறார், பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

அந்தப் பக்கம் பேசியவர் பெயர் ஜெசிந்தா. ஏற்காட்டில் காப்பிக்கொட்டை பதப்படுத்துகிற ஒரு நிலையத்தில் பொறுப்பாளர்.

"ஆமாங்க, நான் ஃபெயில்" என்றார். சொல்வதில் அவருக்குத் தயக்கமில்லை. "பத்து நாள் அவர் மேல கோபமா இருந்தேன். புகார் எழுதினதுல ஒண்ணு என்னோடது."

"இப்போ?"

"அடுத்த வகுப்புல மறுபடி சேர்ந்திருக்கேன்."

செங்கோடன் போனைத் திருப்பிக் கொடுத்தார். தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் சின்ன எழுத்தாக எழுதினார்.

இன்பராஜ் தயக்கத்தோடு கேட்டார்: "நீங்க எங்கேயிருந்து வர்றீங்க சார்? எங்களுக்கு அங்கீகாரம் குடுத்திருக்கிற அமைப்புலேருந்தா? முன்கூட்டிச் சொல்லாம வருவாங்கன்னு தெரியும்."

"இல்லைங்க. நான் சேரலாமான்னு பாக்க வந்தவன்."

"சேர வர்றவங்க ஃபீஸும் பஸ் நேரமும்தான் கேப்பாங்க."

செங்கோடன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். தேதி, நேரம், பார்த்தது, கேட்டது, காட்டியது, யார் சொன்னது. எல்லாம் வரிசையாக இருந்தது. அப்படி எழுத யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அங்கேயே விண்ணப்பத்தை வாங்கி நிரப்பினார். கீழே இறங்கிய பிறகுதான் பெனாசிருக்குப் போன் செய்தார்.

"மூணாவதுல சேர்ந்துட்டேங்க மேடம்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேண்ணா."

"ஆமாங்க" என்றார் செங்கோடன். அவருக்கே அப்போதுதான் அது உறைத்தது.

*

வகுப்பு அவர் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு முட்டைப்பொடி ஆலைக்குக் கூட்டிப்போனார்கள். செங்கோடன் உற்சாகமாக எழுதினார்: ஆலை சுத்தமாக இல்லை.

இன்பராஜ் அதை அடித்துவிட்டார்.

"எந்த இடத்துல? எவ்வளவு? எத்தனை மணிக்கு? யார் காட்டினாங்க?"

"பார்த்தாலே தெரியுதுங்களே."

"உங்களுக்குத் தெரியுது. படிக்கிறவருக்கு?"

செங்கோடன் மறுபடி ஆலைக்குள் போனார். நான்கு தடவை எழுதியதையும் அடித்த பிறகு, ஐந்தாவது தடவைதான் இன்பராஜ் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா, "எனக்குப் போன தடவை ஏழு" என்றார்.

கடைசி நாள், பரீட்சைக்கு முன்பு இன்பராஜ் ஒரு விதியைச் சொன்னார். சொந்த வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது.

செங்கோடன் எழுந்து நின்றார்.

"எங்க ஆலையில எல்லாமே என் வேலைதாங்க. குழாய் போட்டது நான். தொட்டி கட்டினப்போ கூட நின்னது நான். அப்போ நான் எதைத் தணிக்கை பண்றது?"

இன்பராஜ் கேள்வித்தாளைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

மாலையில் படிக்கட்டு இறங்கும்போது ஜெசிந்தா சொன்னார்: "எங்க நிலையத்துலயும் இதே கதைதாண்ணா. நீங்க வந்து என்னோடதைப் பாருங்க. நான் வந்து உங்களோடதைப் பாக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. இருவரும் பாஸ்.

அர்த்தனாரி சர்டிஃபிகேட்டை வாங்கிப் பார்த்தார். சந்தோஷப்பட்டார்.

"இனி உக்காந்து அறிக்கையை எழுதிரு."

"நான் எழுதக் கூடாதுங்க. ஏற்காட்டுலேருந்து ஒருத்தர் வந்து பார்ப்பாங்க."

"வெளியாளையா? நம்ம ஆலைக்குள்ளயா?"

"நான் செஞ்ச வேலைக்கு நானே கையெழுத்துப் போட்டா, தை மாசம் வர்றவர் அதைத்தான் முதல்ல கேப்பாருங்க."

அர்த்தனாரி எரிச்சலோடு கையை விரித்தார். மறுக்கவில்லை.

*

ஐப்பசியில் மழைக்கு நடுவே ஒரு நாள் ஜெசிந்தா வந்தார்.

காலையிலிருந்து செங்கோடன் ஒவ்வொன்றாகக் காட்டினார். கிழங்கு கழுவும் இடம், அரைக்கும் இடம், கிழங்குப் பால் தெளிய நிற்கும் தொட்டிகள், கழிவுத் தண்ணீர் சுத்தமாகிற இடம். ஜெசிந்தா எழுதிக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அர்த்தனாரி அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜவ்வரிசி காயவைக்கிற களத்தின் கிழக்கு ஓரத்தில் ஜெசிந்தா நின்றார். தரையோடு தரையாக ஒரு கல்மூடி இருந்தது.

"இது என்ன?"

"பழைய கழிவுத்தண்ணிக் குழாய். இப்போ ஓட்டமில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி அடைச்சாச்சு."

"யார் அடைச்சது?"

"நான்தான். செங்கல் வெச்சு, சிமெண்ட் பூசி."

"அதுக்கப்புறம் யாராவது திறந்து பார்த்தாங்களா?"

செங்கோடன் குனிந்து மூடியைப் பார்த்தார். ஓரமெல்லாம் புல் முளைத்திருந்தது. திறந்து பார்க்க வேண்டும் என்று பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை. தன் கையால் பூசியதை யாராவது திறந்து பார்ப்பார்களா?

"திறக்கலாமாண்ணா?"

கடப்பாரை கொண்டுவந்து செங்கோடனே நெம்பினார்.

மூடி நகர்ந்ததும் வாடை மேலே வந்தது.

உள்ளே பூச்சு விரிசல் விட்டு, இரண்டு செங்கல் சரிந்து கிடந்தன. அந்தச் சந்து வழியாக வெள்ளைத் தண்ணீர் மெல்லிசாக, சத்தமே இல்லாமல், கிழக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அத்தாயியின் காடு இருக்கிற பக்கம்.

செங்கோடன் அந்த ஈரத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா நேரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

*

மறுநாள் அறிக்கை அர்த்தனாரியின் மேசையில் இருந்தது. முதல் குறை அதுதான். பொறுப்பு என்ற இடத்தில் செங்கோடனின் பெயர் இருந்தது. கீழே ஜெசிந்தாவின் கையெழுத்து; அதற்கும் கீழே, குறையை ஒப்புக்கொண்டு செங்கோடனே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அர்த்தனாரி கதவைச் சாத்தச் சொன்னார்.

"குழாயை இன்னைக்கே தோண்டி எடுத்துரலாம். எடுத்துட்டா அப்புறம் குறையே இல்லையே. இந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதச் சொல்லு. உனக்கும் நல்லது."

"குழாயைத் தோண்டுங்க. தாளைக் கிழிக்க வேண்டாங்க."

"உன் பேர் இருக்குடா அதுல."

"அடைச்சது நான்தானுங்க. மறைக்கறதா இருந்தா நான்தான் மறைக்கணும். நான் மறைக்கலை."

அர்த்தனாரி எழுந்து ஜன்னல் வழியாக அத்தாயி காட்டைப் பார்த்தார். பிறகு அறிக்கையை எடுத்து, கசங்காமல் கோப்பில் வைத்தார்.

"வா, அத்தாயி காட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

இருவரும் வரப்பில் நடந்துபோனார்கள். அத்தாயி மஞ்சளுக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். செங்கோடன்தான் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அத்தாயி களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இத்தனை நாள் நான் பொய் சொல்றேன்னுதானே நெனச்சீங்க?"

"நான் அப்படி நெனைக்கலைங்க்கா."

"நான் நெனச்சேன்" என்றார் அர்த்தனாரி.

அத்தாயி களைக்கொத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பழைய குழாயை அடியோடு பெயர்த்தெடுத்தார்கள். கிணற்றை மூன்று தடவை இறைத்தார்கள். ஆலைச் செலவில் தினமும் குடிதண்ணீர் வண்டி அத்தாயி வீட்டுக்குப் போனது. அந்த வருடம் ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் விட்டுவிடாமல் பெய்தன. மார்கழிக் கடைசியில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சரியென்று தாள் வந்தது. அத்தாயி தாளைப் பார்க்கவில்லை. ஒரு குடம் இறைத்து உலை வைத்தார்.

*

தை மாதம் மும்பையிலிருந்து ஆள் வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசினார். பெரிய பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் உள் தணிக்கை அறிக்கையைக் கேட்டார்.

முதல் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இதுல பொறுப்புன்னு போட்டிருக்கிறது யார்?"

"நான்தாங்க" என்றார் செங்கோடன்.

"கீழே ஒத்துக்கிட்ட கையெழுத்தும் உங்களோடதா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து களத்துக்குப் போனார். குழாய் இருந்த பள்ளத்தின் தடத்தைப் பார்த்தார். அங்கிருந்து வேலி தாண்டி, யாரிடமும் சொல்லாமல் அத்தாயி காட்டுக்குள் போனார். ஆலையிலிருந்து பார்த்தவர்களுக்கு இருவரும் கிணற்று மேட்டில் நின்று பேசுவது மட்டும் தெரிந்தது. அர்த்தனாரி நாற்காலியில் உட்காரவே இல்லை.

அரைமணி நேரம் கழித்து அவர் திரும்பினார். கையில் இரண்டு மஞ்சள் கிழங்கு.

"மூணு நாள் தங்கறதா வந்தேன்" என்றார். "போன வாரம் ஒரு ஆலையில அறிக்கை முழுக்கக் குறையே இல்லை. அங்கே அஞ்சு நாள் ஆச்சு. இங்கே நாளைக்கு மதியம் கிளம்பிடுவேன்னு நினைக்கிறேன்."

மறுநாள் மதியம் கிளம்பிவிட்டார். கொள்முதல் நிற்கவில்லை. கூடியது.

அர்த்தனாரி தானே களத்துக்குப் போய், வெயிலில் நின்று, எழுபது பெண்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு செங்கோடனைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். களத்தின் ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பும் பேச்சும் மறுமூலை வரைக்கும் போயின. செங்கோடனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

அடுத்த வாரம் சேலம் போனார். பெனாசிர் அலுவலகத்தில்தான் இருந்தார்.

செங்கோடன் முழுவதையும் சொன்னார். சொல்லி முடித்ததும், மாதக்கணக்கில் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அந்த நாமக்கல் வகுப்புதான் சரின்னு உங்களுக்கு முதல் நாளே தெரியுமில்லைங்களா மேடம். அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு அலைச்சல் மிச்சம். ஏன் சொல்லலை?"

"எனக்குத் தெரியாதேண்ணா."

"தெரியாதுங்களா?"

"மூணுல ஒண்ணுக்கும் நான் போனதில்லை."

செங்கோடன் அவரையே பார்த்தார்.

பெனாசிர் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினார்.

"எங்க ஆளுங்க ரெண்டு பேரை இந்த வருஷம் படிக்க அனுப்பணும். நிதானமா சொல்லுங்க. எழுதிக்கறேன்."